ட்ராப் ஆனது சரி, எந்த முகவரியில் ஆனது?

வெப்அசெம்ப்ளி (சுருக்கமாக வாஸம்) நிரல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து ஓட்டும் ரன்டைம் எங்களுடையது. அதன் டெஸ்ட் தொகுப்பில் ஒரு டெஸ்ட் எப்போதாவது விழும். நினைவகத்தின் எல்லை தாண்டிய ஒரு லோடு (படிப்பு) ட்ராப் ஆக வேண்டும், அதாவது நிரல் அங்கேயே நிறுத்தப்பட வேண்டும். அது ட்ராப் ஆகாமல் 0 என்று பதில் தரும். மறுபடி ஓட்டினால் பச்சை. "அதுவா? இன்னொரு தடவை ஓட்டிவிடு, சரியாகிவிடும்" என்பது குழுவில் எல்லோருக்கும் பழகிப்போன பதில். நானே அதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

சில வாரங்கள் இப்படியே போனது. பிறகு புதிதாகச் சேர்ந்த ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "அண்ணா, எல்லை தாண்டிப் படித்தது 0 தருகிறது என்றால், அந்த 0 யாருடையது?" அந்தக் கேள்விக்குப் பின் யாரும் மறுஓட்டப் பொத்தானைத் தொடவில்லை.

அந்த 0, நமக்குப் பக்கத்தில் இருந்த இன்ஸ்டன்ஸுடையது (ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலுடையது). ஒரு வாஸம் நிரல் தன் நினைவகத்தைத் தாண்டி, அதே ப்ராசஸில் ஓடும் வேறொரு நிரலின் நினைவகத்தைப் படிக்க முடிந்தது, எழுதவும் முடிந்தது. பிழை இருந்த பூல் வசதி (பல நிரல்களுக்கு ஒரே பெரிய இடத்திலிருந்து நினைவகம் பங்கிடுவது) அப்போது எந்த வெளியீட்டிலும் சேரவில்லை, அதனால் பாதிக்கப்பட்டவர் யாரும் இல்லை. அது எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல, நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

33 பிட் கணக்கு

வாஸம் நிரலின் கண்ணுக்கு நினைவகம் என்பது 0-இல் தொடங்கும் ஒரே நீளமான பைட் வரிசை. அது 64 கேபி பக்கங்களாக வளரும். 32 பிட் நினைவகத்தில் அதிகபட்சம் 65536 பக்கங்கள், அதாவது 4 ஜிபி. லோடு, ஸ்டோர் கட்டளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஓடும்போது ஸ்டாக்கிலிருந்து வரும் 32 பிட் இன்டெக்ஸ். மற்றது கட்டளையோடு சேர்த்தே பதியப்பட்ட 32 பிட் ஆஃப்செட். இரண்டையும் கூட்டுவதுதான் உண்மையான முகவரி. இந்தக் கூட்டல் 32 பிட்டுக்குள் சுற்றி வரக்கூடாது. விடை 33 பிட் எண். அதோடு அணுகலின் அளவையும் (1 முதல் 16 பைட் வரை) சேர்த்தால் நினைவகத்தின் தற்போதைய நீளத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் ட்ராப்.

ஒவ்வொரு லோடுக்கும் ஒரு ஒப்பீடு, ஒரு கிளை என்று போட்டால் வேகம் அடிவாங்கும். அதனால் 64 பிட் இயந்திரங்களில் பெரும்பாலான பெரிய ரன்டைம்கள் ஒரே தந்திரத்தைத்தான் கையாள்கின்றன. நினைவகம் 1 பக்கம்தான் என்றாலும் 4 ஜிபி முகவரி இடத்தை முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அப்பால் இன்னும் கொஞ்சம், எந்த அனுமதியும் இல்லாத வெற்று இடம். அதுதான் காவல் பகுதி. நிரல் அங்கே கை வைத்தால் ப்ராசஸரே பிடித்துக்கொள்ளும், கர்னல் சிக்செக்வி என்ற நினைவகப் பிழைச் சிக்னலை அனுப்பும், நம் சிக்னல் ஹேண்ட்லர் அதை வாஸம் ட்ராப்பாக மாற்றும். சோதனைக் கட்டளை ஒன்றுகூட வேண்டாம்.

எங்கள் கம்பைலரின் விதி இது: ஆஃப்செட்டும் அணுகல் அளவும் சேர்ந்து காவல் பகுதியின் அளவுக்குள் இருந்தால் சோதனையை விட்டுவிடு, தாண்டினால் வெளிப்படையாக ஒப்பீடு போடு. காவல் பகுதி 2 ஜிபி. இன்டெக்ஸ் எவ்வளவு பெரிதானாலும் 4294967295-ஐத் தாண்டாது என்பதால் கணக்கு நேராக இருக்கும். (உட்கார்ந்து போட்டுப் பார்த்தால், காவல் பகுதியின் கடைசி ஒரு பைட்டை எந்த அணுகலும் தொடவே முடியாது என்பது தெரியும். பிழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பார்த்ததும் பிடித்துப்போனது.)

ஆக இதில் மூன்று பேர் ஒருவரை ஒருவர் நம்பி நிற்கிறார்கள். 'இத்தனை ஜிபி காவல் இருக்கும்' என்று நம்பிச் சோதனையை விடுகிறது கம்பைலர். அந்தக் காவலை உண்மையில் போட்டு வைக்க வேண்டியது நினைவக ஒதுக்கி. விழும் சிக்னலைச் சரியாகப் படிக்க வேண்டியது ஹேண்ட்லர். இந்த மூவருக்கும் நடுவே எழுதப்பட்ட ஒப்பந்தம் எதுவும் எங்களிடம் இல்லை. கோடில் ஒரு மாறிலி மட்டும் இருந்தது: 2 ஜிபி.

மாறிலி மாறியபோது

ஒரே ப்ராசஸில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இன்ஸ்டன்ஸ்களை ஓட்டுவதற்காகப் பூல் ஒதுக்கி ஒன்று எழுதினோம். முன்கூட்டியே பெரிய முகவரி இடம் ஒன்றைப் பிடித்து, சம அளவு ஸ்லாட்களாக வெட்டி, கேட்பவருக்கு ஒன்று கொடுப்பது. எக்ஸ்86-64 லினக்ஸில் வழக்கமாக ஒரு ப்ராசஸுக்குக் கிடைப்பது 47 பிட், அதாவது 128 டிபி. ஸ்லாட்டுக்கு 6 ஜிபி என்றால் கணக்குப்படி 21845 ஸ்லாட்கள். காவலை 32 எம்பியாகக் குறைத்தால் 32513. ஆஃப்செட்கள் பெரும்பாலும் சில நூறு பைட்டைத் தாண்டுவதில்லை. 32 எம்பிக்கு மேல் ஆஃப்செட் போடும் நிரலைக் கம்பைலர்கள் கிட்டத்தட்ட உருவாக்குவதே இல்லை. அதனால் முடிவு சரியான முடிவு. இன்றும் 32 எம்பிதான் வைத்திருக்கிறோம்.

காவல் அளவை மாறிலியிலிருந்து அமைப்பு விருப்பமாக மாற்றினோம். கம்பைலர் அந்த விருப்பத்தைப் படிக்கிறது, ஒதுக்கியும் அதையே படிக்கிறது. கோட் ரிவ்யூவில் நான்தான் சம்மதம் போட்டேன். இரண்டு இடத்தையும் பார்த்தேன், இரண்டும் சரி. மூன்றாவது இடம் ஒன்று இருந்தது.

முதலில் போன தவறான வழி

டெஸ்ட் செய்வது இதுதான்: 1 பக்க நினைவகம், இன்டெக்ஸ் 4294967295, ஆஃப்செட் 1073741824, ஒரு பைட் லோடு. ட்ராப் ஆக வேண்டும். எப்போதாவது 0.

முதல் சந்தேகம் ஸ்லாட் மறுபயன்பாட்டின் மேல் விழுந்தது. பூலில் ஒரு இன்ஸ்டன்ஸ் முடிந்ததும் அதன் பக்கங்களைச் சுத்தம் செய்ய எம்அட்வைஸ் என்ற கர்னல் வசதியை அழைக்கிறோம். லினக்ஸில் அது உள்ளடக்கத்தைத் தூக்கி எறிந்துவிடும், அடுத்த முறை படித்தால் 0 வரும். ஆனால் அனுமதியைத் தொடாது. முன்பு இருந்தவர் 1 ஜிபிக்கு வளர்ந்து போயிருந்தால், அடுத்து வரும் 1 பக்கக்காரருக்கு அந்த 1 ஜிபியும் திறந்தே கிடக்கும். எல்லை தாண்டிப் படித்தால் ட்ராப் இல்லாமல் சாதுவாக 0 வரும். அறிகுறி அச்சு அசலாகப் பொருந்தியது. ஒன்றரை நாள் இதிலேயே உழன்றோம். அனுமதியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் எம்ப்ரொடெக்ட் அழைப்பு ஒழுங்காக நடக்கிறது. எந்த முகவரிக்கு என்ன அனுமதி என்று காட்டும் ப்ராசஸின் மேப்ஸ் கோப்பைத் திறந்து வரிவரியாகப் பார்த்தோம், ஸ்லாட் சுத்தம்.

மேலும், நிதானமாக யோசித்திருந்தால் அது ஆகாது என்று முதலிலேயே தெரிந்திருக்கும். 4294967295-உடன் 1073741824-ஐக் கூட்டினால் 5368709119. அது நம் ஸ்லாட்டின் 4 ஜிபிக்குள்ளேயே இல்லை.

சரி, அப்படியென்றால் அது எங்கே? பூலில் ஒரு ஸ்லாட்டின் நீளம் 4 ஜிபியும் 32 எம்பியும்: 4328521728 பைட். 5368709119-இலிருந்து அதைக் கழித்தால் 1040187391. அடுத்த ஸ்லாட்டுக்குள் 992 எம்பி ஆழத்தில், ஒரு பைட் குறைவாக.

அதே தொகுப்பில் இணையாக ஓடும் இன்னொரு டெஸ்ட், நினைவகத்தை 16384 பக்கங்களுக்கு, அதாவது 1 ஜிபிக்கு வளர்த்துப் பார்க்கிறது. அந்த டெஸ்ட் தற்செயலாக அடுத்த ஸ்லாட்டில் உட்கார்ந்து, நம் லோடு நடக்கும் அதே கணத்தில் வளர்ந்த நிலையில் இருந்தால் 0 வரும். புதிதாக வளர்ந்த நினைவகம் முழுக்க 0 அல்லவா? அது அங்கே இல்லாவிட்டால் அடுத்த ஸ்லாட் காலியாக, அனுமதியின்றிக் கிடக்கும். செக்ஃபால்ட் (அதே சிக்செக்வி), ட்ராப், பச்சை.

பச்சையான ஓட்டங்கள் அத்தனையும்கூடத் தவறான பச்சை என்பது அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது இடம்

உருவான இயந்திரக் கோடைப் பிரித்துப் பார்த்தோம். ஆஃப்செட் 1 ஜிபி. காவல் 32 எம்பி. எனவே ஒப்பீட்டுக் கட்டளை இருந்தாக வேண்டும். இல்லை. ஆனால் அதே மாட்யூலை (வாஸம் நிரல் கோப்பை) என் கணினியில் கம்பைல் செய்தால் ஒப்பீடு வருகிறது. டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ இயந்திரத்தில் மட்டும் வருவதில்லை.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஊகிப்பது கடினமில்லை. கம்பைல் செய்த கோடை வட்டில் கேச் செய்து வைக்கிறோம். எந்தப் பழைய கோடை மறுபடி எடுக்கலாம் என்று முடிவு செய்யும் கேச் சாவியில் மாட்யூலின் பைட்கள், கம்பைலர் பதிப்பு, ப்ராசஸர் வசதிகள் இருந்தன. காவல் அளவு இல்லை. அது மாறிலியாக இருந்த காலத்தில் தேவைப்படவும் இல்லை. சிஐயில் நேரம் மிச்சமாகட்டும் என்று கேச் கோப்பகத்தை ஓட்டத்துக்கு ஓட்டம் பாதுகாத்து வைத்திருந்தோம். பூல் இல்லாத சாதாரண ஓட்டம் முதலில் நடக்கும்: 2 ஜிபி காவலை நம்பிக் கம்பைல் ஆகும், கேச்சில் போகும். பூல் ஓட்டம் அடுத்து வரும்: அதே கோட், இப்போது 32 எம்பி காவலின் மேல்.

குறுக்கிச் செய்த மறுஉருவாக்கத்தில் ஆஃப்செட் 33554433. இன்டெக்ஸ் வழக்கம்போல 4294967295. கூட்டினால் 4328521728, ஸ்லாட்டின் நீளம் எவ்வளவோ மிகச் சரியாக அவ்வளவு. பக்கத்து ஸ்லாட்டின் 0-ஆம் பைட்டில் 42 என்று எழுதிவிட்டு லோடு செய்தோம். திரையில் 42 வந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை.

டெஸ்ட்கள் ஏன் பிடிக்கவில்லை

கேச் சாவியில் ஒரு புலம் விடுபட்டது சாதாரணத் தவறு, யாருக்கும் நடக்கும். எல்லைச் சோதனைக்கென்றே எழுதிய பெரிய தொகுப்பு ஒன்று இருந்தும் அது வாய் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

எங்கள் டெஸ்ட்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: ட்ராப் ஆனதா? 64 பிட் முகவரி இடம் பெரும்பாலும் வெட்டவெளி. எந்தத் தவறான முகவரியைத் தொட்டாலும் அங்கே எதுவும் இருக்காது, செக்ஃபால்ட் வரும். காவல் பகுதியே இல்லாமல் ஓட்டினாலும் பெரும்பாலான டெஸ்ட்கள் தேறிவிடும். பிறகு அதைச் செய்தும் பார்த்தோம், தேறின.

ஹேண்ட்லர் அதற்கு உடந்தை. எங்கள் ஹேண்ட்லர் பார்த்தது ஒன்றே ஒன்று: பிழை நடந்தபோது ஓடிக்கொண்டிருந்த கட்டளை வாஸம் கோடுக்குள் இருக்கிறதா? இருந்தால், 'எல்லை தாண்டிய அணுகல்' என்று ட்ராப் எழுப்பும். கர்னல் பிழை நடந்த முகவரியையும் சேர்த்துத்தான் தருகிறது. அதை நாங்கள் படிக்கவே இல்லை. 992 எம்பி ஆழத்தில் பக்கத்து ஸ்லாட்டைத் தொட்டு விழுந்த சிக்னலையும் ஒழுங்கான ட்ராப்பாக மாற்றி, தடயத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

மற்றவர்கள் பட்டது

இந்த வகைப் பிழை எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. டெஸ்ட்களைத் திருப்பி எழுதும் முன் வெளியான பாதுகாப்பு அறிவிப்புகளை உட்கார்ந்து படித்தோம். மூன்று மிகவும் உதவின.

எங்களுக்கு மிக நெருங்கிய உறவு, வாஸம்டைம் என்ற ரன்டைமில் 2022-இல் வெளியான சிவிஇ-2022-39392 (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் பொது அடையாள எண்). பூல் ஒதுக்கியை 'அதிகபட்சம் 0 பக்கம்' என்று அமைத்தால், கம்பைலர் எதிர்பார்த்த காவல் அமைப்பை ஒதுக்கி போடவில்லை. கம்பைலர் ஒன்றை நம்ப, ஒதுக்கி இன்னொன்றைச் செய்த அதே கதை.

2021-இல் சிவிஇ-2021-32629: வாஸம்டைமின் கம்பைலரான கிரேன்லிஃப்டின் எக்ஸ்64 பின்முனையில், ஸ்டாக்கில் போட்டு வைத்த 32 பிட் எண்ணைத் திரும்ப எடுக்கும்போது மேல் பாதியை 0-ஆல் நிரப்புவதற்குப் பதில் குறி பிட்டால் நிரப்பியது. இன்டெக்ஸ் குறை எண்ணாகிவிடும்; நினைவகத்துக்கு முன்னால் 2 ஜிபி வரை போய்த் தொடலாம். நினைவகத்துக்கு முன்புறமும் ஒரு காவல் வைப்பது இப்படிப்பட்ட பிழைக்குத்தான்.

2023-இல் சிவிஇ-2023-26489: மறுபடி கிரேன்லிஃப்ட், எக்ஸ்86-64. இன்டெக்ஸை இடது பக்கம் நகர்த்தும் கட்டளையை எக்ஸ்86-இன் முகவரி வடிவத்துக்குள் மடித்துச் சேர்த்தபோது, 32 பிட்டில் வெட்ட வேண்டியதை வெட்டவில்லை. 33 பிட்டாக இருக்க வேண்டிய முகவரி 35 பிட் ஆனது. அடித்தளத்திலிருந்து சுமார் 34 ஜிபி தூரம் வரை கை நீண்டது. 2 ஜிபி காவலை ஒரே தாவலில் தாண்டிவிடும்.

கடைசி இரண்டும் சொல்வது: இன்டெக்ஸின் மதிப்பு என்ன என்பதோடு, அது எந்த வழியாக வந்தது என்பதும் முக்கியம். எங்கள் பழைய டெஸ்ட்களில் இன்டெக்ஸ் எப்போதும் ஃபங்ஷனின் முதல் அளவுருவாகவே வந்தது.

பகையான அக்கம்பக்கம்

புதுத் தொகுப்பின் அடிப்படை யோசனை எளிது. வெட்டவெளி நம்மைக் காப்பாற்றுகிறது என்றால், வெட்டவெளியை எடுத்துவிட வேண்டும். காவல் பகுதியைத் தவிரச் சுற்றியுள்ள எல்லா முகவரியும் படிக்கவும் எழுதவும் திறந்து கிடக்க வேண்டும். அப்போது காவலைத் தவறவிட்ட அணுகல் எதுவும் தற்செயலாக ட்ராப் ஆகித் தப்பிக்காது.

35 பிட் பிழையையும் பிடிக்க வேண்டுமானால் பெரிய பரப்பு வேண்டும். டெஸ்டுக்கென்று ஒரு ஒதுக்கி எழுதினோம். 64 ஜிபி முகவரி இடம்; 16 ஜிபிக்குப் பின் நினைவகத்தின் அடித்தளம். எனவே முன்னால் 16 ஜிபி, பின்னால் 48 ஜிபி. அதை முழுக்க ஓர் அடையாள பைட்டால் நிரப்ப வேண்டும், ஆனால் 64 ஜிபி ரேம் யாரிடம் இருக்கிறது? 2 எம்பி அளவுக்கு நினைவகக் கோப்பு ஒன்றை உருவாக்கி, 165 என்ற பைட்டால் நிரப்பி, அதே 2 எம்பியைப் பகிர்ந்த மேப்பாக 32768 தடவை அடுத்தடுத்து ஒட்டினோம். லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு மேப் எண்ணிக்கையின் இயல்பு வரம்பு 65530, இடமிருக்கிறது. பிறகு அதன் மேல் உண்மையான நினைவகத்தையும் காவல் பகுதிகளையும் போட்டோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சரிபார்ப்பு. எல்லாத் துண்டும் ஒரே 2 எம்பியின் நிழல் என்பதால், 64 ஜிபியில் எந்த மூலையில் தவறான ஸ்டோர் விழுந்தாலும் அந்த 2 எம்பியில் தெரியும். டெஸ்ட் முடிந்ததும் 2 எம்பியை மட்டும் ஒரு தடவை ஒப்பிட்டால் போதும். லோடு தவறினால் 165 வந்து நிற்கும், 0 போல அப்பாவி வேஷம் போடாது.

ஹேண்ட்லரையும் திருத்தினோம். பிழை முகவரி, தற்போதைய இன்ஸ்டன்ஸின் நினைவகம் அல்லது அதன் முன்பின் காவலுக்குள் இருந்தால் மட்டுமே ட்ராப். வெளியே இருந்தால் ப்ராசஸையே நிறுத்துகிறோம், டெஸ்டில் மட்டுமல்ல, எல்லா இடத்திலும். 'ஒரு வாடிக்கையாளரின் தப்பான நிரலுக்காக மொத்தப் ப்ராசஸையும் சாகடிப்பதா' என்று குழுவில் எதிர்ப்பு வந்தது. காவலுக்கு வெளியே ஓர் அணுகல் போயிருக்கிறது என்றால் அது வாடிக்கையாளர் நிரலின் தவறே அல்ல, நம் கம்பைலரின் தவறு; அதன் பிறகு அந்தப் ப்ராசஸில் எதையும் நம்பமுடியாது. நான் இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கே இரண்டு நுணுக்கங்கள். எக்ஸ்86-64-இல் விதிமுறைக்கு உட்படாத, 47 பிட்டுக்கு வெகு அப்பாலுள்ள முகவரியைத் தொட்டால் வருவது பக்கப் பிழை அல்ல. லினக்ஸ் அதையும் சிக்செக்வியாகத்தான் தரும், ஆனால் முகவரி 0 என்று இருக்கும். அதுவும் நிறுத்தம்தான். இன்னொன்று, எல்லைக்குக் குறுக்கே படுக்கும் அணுகலில் எந்த பைட்டின் முகவரி பதிவாகும் என்பது ப்ராசஸருக்கு ப்ராசஸர் மாறலாம். டெஸ்டில் துல்லியமான எண்ணை எதிர்பார்க்காமல் வரம்பை மட்டும் பார்க்கிறோம்.

எந்தெந்த எண்கள்

எதிர்பார்க்கும் விடையைச் சொல்ல ஒரு சின்ன மாதிரி எழுதினோம்: இன்டெக்ஸ், ஆஃப்செட், அளவு மூன்றையும் வரம்பில்லாத முழு எண்களாகக் கூட்டு, நீளத்தைத் தாண்டினால் ட்ராப். அது ஒரே வரி. வேகம் எதற்கும் ஆகாது, ஆனால் தவறாக எழுதுவது கஷ்டம்.

நினைவக அளவுகள்: 0, 1, 65535, 65536 பக்கங்கள். 0-க்குத் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் இன்டெக்ஸ் 0 கூட ட்ராப் ஆக வேண்டும். 65536-க்கும் உண்டு: பைட் கணக்கில் அது 4294967296, 32 பிட் மாறியில் போட்டால் 0 ஆகிவிடும். தொடாதவரை பக்கங்கள் ரேமில் வருவதில்லை என்பதால் 4 ஜிபி நினைவகத்தை உருவாக்கும் டெஸ்டுக்குச் செலவு சொற்பம். ஆஃப்செட்கள்: 0, காவல் அளவுக்கு ஒன்று முன், சரியாக அதே அளவு, ஒன்று பின், கடைசியாக 4294967295. அணுகல் அளவு 1, 2, 4, 8, 16.

அப்புறம், இன்டெக்ஸ் வரும் வழிகள். கம்பைல் நேரத்திலேயே தெரிந்த மாறிலியாக, அளவுருவாக, நினைவகத்திலிருந்து லோடு செய்ததாக, 64 பிட் எண்ணை வெட்டி எடுத்ததாக. ரெஜிஸ்டர்கள் போதாமல் ஸ்டாக்கில் தள்ளப்படும்படி நாற்பது உயிருள்ள மதிப்புகளுக்கு நடுவில், மேல் பிட் எழுந்த 2147483648 ஆக. மூன்று இடம் இடப்பக்கம் நகர்த்தியதாக: உள்ளே 4294967295 கொடுத்தால் சரியான விடை 4294967288, 32 பிட்டில் வெட்ட மறந்த கம்பைலர் 34359738360 என்று போய் நிற்கும், அங்கே 165 காத்திருக்கும்.

மொத்த நினைவகக் கட்டளைகளான நிரப்பல், நகல், தொடக்கப்படுத்தல் ஆகியவற்றில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை எழுதத் தொடங்கும் முன்பே எல்லையைப் பார்த்துவிடுகின்றன. ஒரே இடம்தான் வழுக்கும்: நீளம் 0 உள்ள நகல், நினைவகத்தின் முடிவுப் புள்ளியில் செல்லும், அதற்கு ஒன்று தள்ளினால் ட்ராப்.

பாதி எழுதிய ஸ்டோர்

8 பைட் ஸ்டோர் ஒன்று, முடிவுக்கு 4 பைட் முன்னால் தொடங்குகிறது. பாதி நினைவகத்தில், பாதி காவலில். விதிமுறைப்படி ட்ராப் ஆக வேண்டும், எதுவும் எழுதப்படக் கூடாது. எக்ஸ்86-64-இல் எங்கள் டெஸ்ட் ஒருமுறைகூட விழவில்லை. ஆர்ம் 64-இல் அப்படி ஓர் உத்தரவாதம் கட்டமைப்பில் இல்லை: பக்க எல்லையைக் கடக்கும் ஸ்டோர், முதல் பாதியை எழுதிவிட்டு இரண்டாம் பாதியில் பிழை எழுப்பலாம்.

இதனால் சாண்ட்பாக்ஸ் (நிரலைத் தன் இடத்துக்குள் அடைத்து வைக்கும் வேலி) உடைவதில்லை. எழுதப்பட்டது அவரவர் நினைவகம்தான். ஆனால் ட்ராப்புக்குப் பிறகு நினைவகத்தைப் படிக்கும் யாருக்கும் இரண்டு இயந்திரங்களில் இரண்டு விடை கிடைக்கும். ஸ்டோருக்கு முன் அதே முகவரியில் ஒரு வெற்று லோடு போட்டால் பிழை முன்கூட்டியே வந்துவிடும், ஆனால் எல்லா ஸ்டோருக்கும் அந்தச் செலவு. விருப்ப அமைப்பாக வைத்தோம், இயல்பில் அணைந்திருக்கும். ஆர்ம் 64 டெஸ்ட்கள் அதை இயக்கி ஓடுகின்றன. இது நல்ல முடிவா என்று கேட்டால், எனக்கு அரைமனதுதான்.

வேண்டுமென்றே உடைப்பது

இவ்வளவும் எழுதிய பிறகும் பழைய பயம் போகவில்லை. பச்சை வருகிறது; சரியான காரணத்துக்காகத்தான் வருகிறதா?

அதனால் ரன்டைமிலேயே ஐந்து உடைப்புகளை வைத்தோம், டெஸ்ட் பில்டில் மட்டும் இயக்கக் கூடியவை. பின்புறக் காவலை ஒரே ஒரு பக்கம் குறைப்பது. கம்பைலர் நம்பும் காவல் அளவை இரட்டிப்பாக்குவது. ஹேண்ட்லரின் முகவரிச் சோதனையை எடுத்துவிடுவது. நினைவகம் வளரும்போது கேட்டதைவிட ஒரு பக்கம் கூடுதலாகத் திறப்பது. ஸ்லாட்டை அனுமதி மாற்றாமல் மறுபயன்படுத்துவது. ஒன்றரை நாள் தின்ற அந்தச் சந்தேகத்துக்கு இப்படியாவது ஒரு பயன். ஒவ்வோர் உடைப்பிலும் குறைந்தது ஒரு டெஸ்டாவது சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் சிஐ விழும்.

பழைய தொகுப்பை இந்த ஐந்தின் மேலும் ஓட்டிப் பார்த்தோம். வளரும்போது கூடுதலாகத் திறப்பதை மட்டும் பிடித்தது. மற்ற நான்கிலும் முழுப் பச்சை.

புதுத் தொகுப்பும் முதல் ஓட்டத்தில் ஒன்றைக் கோட்டைவிட்டது: ஒரு பக்கம் குறைந்த காவல். அந்தக் கடைசிப் பக்கத்தைத் தொட வேண்டுமானால் இன்டெக்ஸ், ஆஃப்செட் இரண்டும் உச்சத்தில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். எங்கள் பட்டியலில் இரண்டும் தனித்தனியாக இருந்தன, அந்த ஜோடி இல்லை. சேர்த்தோம், சிவந்தது. இன்னொரு சங்கடம், இங்கே ஒரு பக்கம் (வாஸமின் 64 கேபி பக்கம் அல்ல, இயங்குதளத்தின் பக்கம்) என்பது எவ்வளவு? எக்ஸ்86-இல் 4 கேபி, ஆப்பிள் சிலிக்கனில் 16 கேபி, சில ஆர்ம் லினக்ஸ் கர்னல்களில் 64 கேபி. 4096 என்று எழுதி வைத்திருந்த இரண்டு டெஸ்ட்கள் மேக்கில் எம்ப்ரொடெக்ட் தோல்வியோடு விழுந்தன.

கேச்சைத் திருத்தியது

காவல் அளவைச் சாவியில் சேர்த்தால் போதும்தான். சேர்த்தோம். ஆனால் யாராவது கேச்சைச் சுற்றிவிட்டு, முன்பே கம்பைல் செய்த கோப்பை நேரடியாக ஏற்றலாம். அதனால் கம்பைல் ஆன கோப்பின் தலைப்பிலேயே கம்பைலர் எதையெல்லாம் நம்பியது என்று எழுதிவிடுகிறோம்: பிடித்து வைத்த இடம், முன் காவல், பின் காவல். ஏற்றும்போது ஒதுக்கி தன் உண்மையான எண்களோடு ஒப்பிடும். தன்னிடம் இருப்பது கோப்பு நம்பியதைவிட அதிகமானால் பரவாயில்லை. குறைந்தால் ஏற்ற மறுக்கும். சமமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தோம். அது தேவைக்கு மீறிய கறார். 32 எம்பியை நம்பிய கோட் 2 ஜிபி காவலின் மேல் தாராளமாக ஓடலாம்.

இந்த ஏற்பாடு 32 பிட் நினைவகத்துக்கு மட்டும். 64 பிட் முகவரியுள்ள நினைவகத்தில் இன்டெக்ஸே 64 பிட் என்பதால் எந்தக் காவலும் எட்டாது. அங்கே வெளிப்படையான சோதனைதான், கூட்டல் நிரம்பி வழிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான உடைப்புகளை இன்னும் எழுதவில்லை. அடுத்த வேலை அது.

எப்போதாவது விழுந்த அந்தப் பழைய டெஸ்ட் இன்னும் தொகுப்பில் இருக்கிறது. அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் 1 ஜிபிக்கு வளர்ந்த இன்ஸ்டன்ஸ்கள் இப்போது நிரந்தரமாக உட்கார்ந்திருக்கின்றன. தானாக மறுபடி ஓட்டும் வசதியை எல்லைச் சோதனை டெஸ்ட்கள் அத்தனைக்கும் எடுத்துவிட்டோம்.